பிரிட்டிஷ் நகைச்சுவையும் அமெரிக்க நகைச்சுவையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரு நாட்டாரும் பேசுவது ஆங்கிலம்தானே? நகைச்சுவையில் மட்டும் வேறுபாடு எப்படி வந்தது?

மொழி ஒன்றாக இருப்பதுதான் இந்த வேறுபாட்டைக் கண்ணில் படாமல் மறைக்கிறது. சொற்கள் எல்லாம் புரிந்துவிடுவதால் சொன்னவரின் உள்நோக்கமும் புரிந்துவிட்டதாகக் கேட்பவர் எண்ணிக்கொள்கிறார். சிரிப்பு வர வேண்டிய இடத்தில் வராதபோது, எதிரில் இருப்பவருக்கு நகைச்சுவை உணர்வே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார். அட்லாண்டிக் கடலின் இரு கரைகளிலும் இந்தக் குற்றச்சாட்டு நெடுங்காலமாக மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

என் பார்வையில் வேறுபாடு ஆழமாக இருப்பது இரண்டே இடங்களில்தான். தாம் சொல்வது வேடிக்கை என்பதைச் சொல்பவர் வெளிக்காட்டுகிறாரா, மறைக்கிறாரா என்பது ஒன்று. தோற்றுப்போனவனைக் கதை எப்படி நடத்துகிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டில் இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது; கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அதைச் சுற்றியே வரும்.

அமெரிக்கர்களுக்கு முரண்நகை புரியாது என்று ஆங்கிலேயர் சொல்வது உண்மையா?

உண்மையன்று. நினைப்பதற்கு நேர்மாறானதைச் சொல்லி, நினைத்ததையே உணர்த்துவது முரண்நகை. நம் அணியிலக்கணத்தில் வஞ்சப்புகழ்ச்சி இதற்கு மிக நெருக்கமானது. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துவிட்டு, இவை மாலை சூட்டி நெய் பூசிப் பளபளவென்று இருக்கின்றன, எங்கள் அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவையார் புறநானூற்றில் சொல்கிறாரே, அந்த வகை. அந்தச் சபையில் ஒரு லண்டன்வாசி இருந்திருந்தால் உதட்டோரத்தில் மட்டும் சிரித்திருப்பார்.

இக்கலை அமெரிக்காவுக்குப் புதிதன்று. 1895இல் அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் எழுதிய ஒரு கட்டுரை, வேடிக்கைக் கதையைத் தனக்கே அதில் வேடிக்கை இருப்பது தெரியாதவன்போல இறுகிய முகத்துடன் சொல்வதுதான் அமெரிக்கக் கலை என்றும், சிரிப்பு வரப்போகிறது என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுச் சொல்வது ஆங்கிலேயரின் வழக்கம் என்றும் வாதிடுகிறது. இன்று பலரும் சொல்வதற்கு இது நேர் எதிரானது. இரண்டாண்டு கழித்து, அவர் இறந்துவிட்டதாகக் கிளம்பிய வதந்தியைப் பற்றி ஒரு பத்திரிகையாளர் விசாரித்தபோது, தம் மரணச் செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்று எழுதிக் கொடுத்தார். அப்போது அவர் வசித்துக்கொண்டிருந்தது லண்டனில்.

அப்படியானால் இந்தக் குற்றச்சாட்டு எங்கிருந்து பிறந்தது? முரண்நகையைக் கையாளும் இடம்தான் வேறுபடுகிறது. ஆங்கிலேயர் அதைக் கடை வாசலிலும் அலுவலகத்திலும் இழவு வீட்டிலும்கூட உப்பைப் போலத் தூவிக்கொண்டே இருப்பார். அமெரிக்கர் முன்பின் தெரியாதவரிடம் பேசும்போது மனத்தில் உள்ளதை நேராகச் சொல்வதையே மரியாதையாகக் கருதுகிறார். கேலி செய்தால், 'சும்மா சொன்னேன்' என்று ஒரு வார்த்தையோ புன்னகையோ சேர்த்துவிடுகிறார். பல நாட்டிலிருந்தும் குடியேறியவர்கள் அடுத்தடுத்த வீட்டில் வாழ வேண்டியிருந்த சமூகத்தில், உள்ளர்த்தத்தை எதிராளியே கண்டுபிடிக்கட்டும் என்று விடுவது ஆபத்தாகப் பட்டிருக்கலாம்.

பிரிட்டிஷார் எதையும் குறைத்துச் சொல்வார்கள் என்கிறார்களே, அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

1982 ஜூன் 24 இரவு, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 விமானம் ஒன்று ஜாவா தீவை ஒட்டிப் பறந்துகொண்டிருந்தபோது கலுங்குங் எரிமலையின் சாம்பல் மேகத்துக்குள் நுழைந்துவிட்டது. நான்கு எந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. உள்ளே 263 பேர் இருந்தனர். விமானி எரிக் மூடி பயணிகளிடம் ஒலிபெருக்கியில் பேசினார்: நமக்கு ஒரு சிறு சிக்கல் ஏற்பட்டிருக்கிறது, நான்கு எந்திரங்களும் நின்றுவிட்டன, மீண்டும் இயக்க எங்களால் ஆனதையெல்லாம் செய்துகொண்டிருக்கிறோம், உங்களுக்கு அதிக மனக்கலக்கம் இல்லை என்று நம்புகிறேன். இதுதான் அவர் சொன்னதன் சாரம். எந்திரங்கள் மீண்டும் உயிர்பெற்று விமானம் ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கியது என்பதால் இன்று நம்மால் சிரிக்க முடிகிறது.

நிகழ்வின் பெருமைக்கும் சொல்லின் சிறுமைக்கும் இடையே உள்ள இடைவெளிதான் இங்கே சிரிப்பை உண்டாக்குகிறது. சொல்பவர் அந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டக் கூடாது. காட்டினால் சுவை கெட்டுவிடும். கலங்காமல் இருப்பதே பண்பாடு என்று பள்ளியிலும் படையிலும் பழக்கப்பட்ட ஒரு வர்க்கத்திடமிருந்து இது நாடு முழுவதும் பரவியது என்பது பொதுவாகத் தரப்படும் விளக்கம். எனக்கும் அது பொருத்தமாகவே தெரிகிறது.

இந்தப் பழக்கத்துக்கு விலையும் உண்டு. 1951 ஏப்ரலில் கொரியாவின் இம்ஜின் ஆற்றங்கரையில் குளஸ்டர்ஷயர் படைப்பிரிவைச் சீனப் படைகள் சூழ்ந்துகொண்டன. நிலைமை எப்படி என்று அமெரிக்கத் தளபதி கேட்டபோது, பிரிட்டிஷ் பிரிகேடியர் டாம் புரோடி, அங்கே நிலைமை 'கொஞ்சம் பிசுபிசுப்பாக' இருக்கிறது என்று பொருள்படும் ஒரு சொல்லால் பதில் அளித்தார் எனப் பதிவாகியிருக்கிறது. இன்னோர் ஆங்கிலேயரின் காதில் அது பேரழிவு நெருங்கிவிட்டது என்று விழுந்திருக்கும். அமெரிக்கரின் காதிலோ, சிரமம்தான், சமாளித்துவிடுவார்கள் என்று விழுந்தது. உரிய நேரத்தில் பின்வாங்கும் ஆணை வரவில்லை; பல நூறு பேர் கொண்ட அப்படைப்பிரிவில் பெரும்பாலோர் மாண்டனர் அல்லது சிறைப்பட்டனர். அத்தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் அந்த ஒரு சொல்லை இரு நாட்டு வரலாற்றாசிரியர்களும் இன்றுவரை மறக்கவில்லை.

அமெரிக்க நகைச்சுவை என்றால் மிகைப்படுத்துவதுதானா?

உயர்வு நவிற்சி அங்கே ஒரு பழைய மரபு. மேற்கே குடியேறியவர்களும் மரம் வெட்டுவோரும் இரவில் தீ மூட்டி உட்கார்ந்து சொல்லிக்கொண்ட பொய்க்கதைகள் அதன் ஊற்று. மலையளவு உடல் கொண்ட பால் பன்யன் என்னும் மரவெட்டியும் அவனுடைய நீலநிற எருதும் அம்மரபின் பிள்ளைகள். எல்லையில்லாத நிலத்தைப் பார்த்து மலைத்தவர்கள் அந்த மலைப்பைவிடப் பெரிய பொய்யைச் சொல்லி அதை வென்றார்கள்.

இதனுடன் வேறு இரண்டு ஓடைகளும் கலந்தன. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலையில் இருந்த கோடை விடுதிகளில் வளர்த்த படபடப்பான தன்கேலி ஒன்று. அடிமை வாழ்விலிருந்தும் அதன் பிந்தைய கொடுமைகளிலிருந்தும் கறுப்பினத்தார் வடித்தெடுத்த கூர்மையான கேலி மற்றொன்று. இன்றைய அமெரிக்க ஸ்டாண்ட்-அப் மேடைக்கு உயிர் கொடுப்பவை பெரும்பாலும் இவ்விரண்டுமே. ஆகவே மிகைப்படுத்தல் என்ற ஒரே முத்திரையை அதன் மேல் குத்துவது நியாயமாகாது.

பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர்களின் நாயகன் ஏன் எப்போதும் தோற்கிறான்?

தான் இருக்கும் படியிலிருந்து ஒரு படி மேலே ஏறப் பார்க்கிறான், ஏற முடியவில்லை. பிரிட்டிஷ் நகைச்சுவையின் பாதி இந்தப் படிக்கட்டில்தான் நடக்கிறது. 'ஃபால்டி டவர்ஸ்' தொடரின் பேசில் ஃபால்டி டார்க்கி என்னும் கடற்கரை ஊரில் விடுதி நடத்துகிறான். பிரபு ஒருவர் தங்க வந்தால் குழைகிறான், சாதாரண விருந்தினர் மேல் எரிந்து விழுகிறான். 'கீப்பிங் அப் அப்பியரன்சஸ்' தொடரின் நாயகிக்கு வாளி என்று பொருள்படும் 'பக்கெட்' என்பது குடும்பப் பெயர். அதைப் பூச்செண்டு என்று பொருள்படும் 'புக்கே' என உச்சரிக்கும்படி ஊரையே அவள் வற்புறுத்துகிறாள். பெயரின் ஓர் உயிரொலியில் வர்க்கம் மாறிவிடும் என்ற நம்பிக்கையை வைத்தே ஐந்து பருவங்கள் ஓடின. பார்ப்பவர்களுக்கும் அந்தப் படிக்கட்டு அத்தனை நன்றாகத் தெரிந்திருந்தது.

எனக்கு மிகவும் பொருள் பொதிந்ததாகப் படுவது 1981இல் தொடங்கிய 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்'. தென் லண்டனின் பெக்கம் பகுதியில் தரமற்ற சரக்குகளை விற்றுப் பிழைக்கும் டெல் பாய், அடுத்த ஆண்டு இந்நேரம் நாம் கோடீஸ்வரர்கள் என்று தம்பியிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறான். உழைத்தால் உயரலாம் என்பது அமெரிக்காவில் ஏறக்குறைய நாட்டின் சமயம். பெக்கமில் அதே வாக்கியம் நகைச்சுவைத் துணுக்கு. கேட்பவர்கள் அவனை இகழ்ந்து சிரிப்பதில்லை. அவன் வெல்ல மாட்டான் என்று தெரிந்தும் அவன் பக்கமே நின்று சிரிக்கிறார்கள்.

அமெரிக்கத் தொடர்களின் நாயகன் பொதுவாக மற்றவர்களைவிடக் கெட்டிக்காரன். பிறரை மடக்கும் பதிலடி வசனம் அவன் வாயிலிருந்துதான் வரும். அவனும் அரைமணி நேரம் தடுமாறுவான். ஆனால் இறுதி நிமிடத்தில் ஏதேனும் ஒன்றைக் கற்றுக்கொள்வான், யாரையேனும் தழுவிக்கொள்வான். இந்தச் சூத்திரத்தால் சலித்துப்போய்த்தான் 'சைன்ஃபெல்ட்' தொடரை உருவாக்கிய லாரி டேவிட், தழுவலும் கிடையாது, பாடம் கற்றலும் கிடையாது என்பதைத் தம் எழுத்தாளர் குழுவுக்கு விதியாக வைத்தார். அப்படி ஒரு விதி தேவைப்பட்டதே வழக்கம் எவ்வளவு வலுவாக இருந்தது என்பதற்குச் சான்று.

ஒரே கதையை இரு நாட்டிலும் எடுத்ததற்கு நல்ல எடுத்துக்காட்டு எது?

'தி ஆபீஸ்' தொடரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைக்காது. ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீபன் மெர்சன்ட்டும் எழுதிய பிரிட்டிஷ் தொடர் 2001 ஜூலையில் பிபிசி 2 அலைவரிசையில் தொடங்கியது. லண்டனுக்கு மேற்கே உள்ள ஸ்லவ் நகரத்தில் ஒரு காகித விற்பனை நிறுவனம். தன்னை எல்லாரும் நேசிப்பதாகவும் தான் பெரிய நகைச்சுவையாளன் என்றும் நம்பிக்கொண்டிருக்கும் டேவிட் பிரென்ட் என்னும் மேலாளர். அவரைப் பின்தொடரும் ஆவணப்படக் கேமரா. இரண்டு பருவங்களில் 12 பகுதிகளும், 2003 கிறிஸ்துமசுக்கு இரண்டு சிறப்புப் பகுதிகளும் வந்தன. அவ்வளவோடு எழுதியவர்களே முடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் என்பிசி நிறுவனத்துக்காக கிரெக் டேனியல்ஸ் உருவாக்கிய தொடர் 2005 மார்ச்சில் தொடங்கி 2013 மே வரை ஒன்பது பருவங்களில் 201 பகுதிகள் ஓடியது. ஊர் பென்சில்வேனியாவின் ஸ்கிரான்டன். மேலாளர் மைக்கேல் ஸ்காட்டாக ஸ்டீவ் கரெல்.

முதல் பகுதிகள் இரண்டும் ஏறத்தாழ ஒரே வசனத்தில் எழுதப்பட்டவை. புதிதாக வந்த ஊழியனுக்குத் தன் நகைச்சுவையைக் காட்டுவதற்காக, ஒட்டும் குறிப்புத் தாள்களைத் திருடியதாகச் சொல்லி வரவேற்பாளப் பெண்ணை வேலையிலிருந்து நீக்குவதாக மேலாளர் நடிக்கிறார், அவள் அழுதுவிடுகிறாள். பிரிட்டிஷ் வடிவத்தில் இதற்குப் பரிகாரமே இல்லை. பிரென்ட்டின் முகத்தில் அசட்டுப் புன்னகை உறைந்து நிற்க, நாம் நாற்காலியில் நெளிகிறோம். பல பகுதிகளில் சிரிப்பே வருவதில்லை, உடம்பு கூசுகிறது. அந்தக் கூச்சமே அத்தொடர் தரும் சுவை.

அதே கூச்சம் அமெரிக்கத் திரையில் முதல் பருவத்தின் ஆறு பகுதிகளில் அவ்வளவாக எடுபடவில்லை. இரண்டாம் பருவத்தில் எழுத்தாளர்கள் மைக்கேலை மாற்றினார்கள். தலைமுடியும் உடையும் சீராயின என்பது வெளித்தோற்றம். உள்ளே நடந்த மாற்றம்தான் கவனிக்கத்தக்கது: மைக்கேல் மோசமான மேலாளர், ஆனால் மிகத் திறமையான விற்பனையாளர் என்பதை ஒரு பகுதியில் காட்டினார்கள். உணவகத்தில் அசட்டுத்தனமாகப் பேசிக்கொண்டே பெரிய ஒப்பந்தம் ஒன்றை அவர் முடித்துவிடுகிறார். மூன்றாம் பருவத்தில், வரவேற்பாளப் பெண் பேம் தன் ஓவியங்களைக் காட்சிக்கு வைக்கிறாள். வந்து பார்த்தவர்கள் ஓரிருவர், அவர்களும் பாராட்டவில்லை. தாமதமாக ஓடிவரும் மைக்கேல் அவள் வரைந்த அலுவலகக் கட்டடத்தின் படத்தைப் பார்த்து உண்மையாகவே வியந்து, விலைக்குக் கேட்கிறார். அவள் அவரைத் தழுவிக்கொள்கிறாள். முதல் பகுதியில் அழ வைத்தவரும் இவரே என்பதை நினைத்தால், இரண்டு தேசங்களுக்கும் உள்ள தூரம் இந்த ஒரு காட்சியில் தெரியும்.

அமெரிக்கர்கள் கதையை இனிப்பாக்கிக் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்லும் ஆங்கிலேயர் பலர். அதை முழுதும் ஏற்க முடியவில்லை. பிரென்ட்டும் கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதியின் இறுதியில் ஒரு சிறு கௌரவத்தை அடைகிறார். தம்மை நெடுநாள் இழிவுபடுத்திய நண்பனை முதல்முறையாக எதிர்த்துப் பேசுகிறார். அந்தக் கருணைக்காக நம்மைக் கடைசிவரை காக்க வைக்கிறார்கள், அவ்வளவுதான். தவிர, 14 பகுதிகளுக்கு ஒரு மனிதரை வெறுக்கலாம். 201 பகுதிகளுக்கு முடியாது. வாரந்தோறும் வீட்டுக்குள் வரவிடும் ஒருவரிடம் ஏதேனும் ஒரு நல்ல குணம் இருந்தாக வேண்டும்.

இத்தகைய மறுவாக்கங்களில் சில வெல்வதும் பல தோற்பதும் ஏன்?

அமெரிக்காவில் 'ஃபால்டி டவர்ஸ்' மூன்று முறை முயலப்பட்டது: 1978இல் ஒரு முன்னோட்டப் பகுதியோடு நின்றது, 1983இலும் 1999இலும் தொடராக வந்தும் நீடிக்கவில்லை. 1983இன் 'அமாண்டாஸ்' தொடரில் விடுதியை நடத்துபவள் ஒரு பெண். பேசில் என்னும் பாத்திரமே இல்லை. மூலத்தை எழுதியவர்களுள் ஒருவரும் பேசிலாக நடித்தவருமான ஜான் கிளீஸ், ஒரே ஒரு மாற்றம்தான் செய்தோம், பேசிலை நீக்கிவிட்டோம் என்று தம்மிடம் சொல்லப்பட்டதைப் பல மேடைகளில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார். 2003இல் என்பிசி மறுவாக்கம் செய்த 'கப்ளிங்' பிரிட்டிஷ் வசனங்களைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டது. நான்கு பகுதிகளுடன் நிறுத்தப்பட்டது.

வென்றவை வேறு வழியில் சென்றன. இனவெறியும் பிடிவாதமும் கொண்ட கிழக்கு லண்டன் தொழிலாளியைப் பற்றிய 'டில் டெத் அஸ் டு பார்ட்' தொடரிலிருந்து விதையை மட்டும் எடுத்துக்கொண்டு, நார்மன் லியர் 1971இல் 'ஆல் இன் தி ஃபேமிலி' தொடரை உருவாக்கினார். லண்டனின் ஆல்ஃப் கார்னெட்டிடம் இரக்கத்துக்கு இடமே இல்லை. நியூயார்க்கின் ஆர்ச்சி பங்கரோ தவறான கருத்துகளையே பேசினாலும், தன் காலத்தைக் கண்டு அஞ்சும் ஒரு தகப்பனாகக் காட்டப்பட்டார். அத்தொடர் ஐந்து பருவங்கள் தொடர்ந்து பார்வையாளர் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்தது. ஆர்ச்சி உட்கார்ந்த நாற்காலி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது.

தயாரிப்பு முறையிலும் வேறுபாடு உண்டா?

உண்டு, ரசனை என்று நாம் கருதுவதில் கணிசமான பகுதி தயாரிப்பின் விளைவே. பிரிட்டனில் ஒருவரோ இருவரோ எழுதுவார்கள். ஒரு பருவத்துக்கு ஆறு பகுதிகள். 'ஃபால்டி டவர்ஸ்' மொத்தமே 12 பகுதிகள். 1975இல் ஆறு, 1979இல் ஆறு. அமெரிக்காவின் பெரிய அலைவரிசைகளில் ஆண்டுக்கு 22 பகுதிகள் அல்லது அதற்கும் மேல் வேண்டும். ஒருவரால் எழுத முடியாது என்பதால் ஓர் அறையில் பலர் கூடி ஒவ்வொரு வசனத்தையும் தட்டித் தட்டிக் கூராக்குகிறார்கள். அதனால் அமெரிக்கத் தொடரில் சிரிப்பு நெருக்கமாக வரும். பிரிட்டிஷ் தொடரில் ஒரு தனிமனிதரின் கோணலான பார்வை கலங்காமல் மிஞ்சும்.

சிரிப்பொலியையும் இங்கேயே சொல்லிவிடலாம். கொரியப் போர்க்கள மருத்துவமனையைப் பற்றிய அமெரிக்கத் தொடரான 'மேஷ்', சிபிஎஸ் நிறுவனத்தின் வற்புறுத்தலால் பதிவுசெய்த சிரிப்பொலியுடன் ஒளிபரப்பானது. அறுவைச் சிகிச்சைக் காட்சிகளில் மட்டும் அது வேண்டாம் என்று தயாரிப்பாளர்கள் வாதாடிப் பெற்றார்கள். பிபிசி அதே தொடரைச் சிரிப்பொலியை முற்றிலும் நீக்கி ஒளிபரப்பியது. படச்சுருள் ஒன்றுதான்; பிரிட்டிஷார் பார்த்தது ஏறக்குறைய ஒரு சோக நாடகம்.

நண்பர்களையே பிரிட்டிஷார் இவ்வளவு திட்டிக்கொள்வது ஏன்? அமெரிக்கர்கள் அப்படிச் செய்வதில்லையா?

திட்டுவது அங்கே நெருக்கத்தின் அடையாளம். நேராகப் பாராட்டினால் கேட்பவருக்குக் கூச்சம். கேலி செய்தால் நட்பு உறுதி. ஒரு பிரிட்டிஷ் சக ஊழியர் உங்களிடம் திடீரென மிகுந்த மரியாதையுடன் பேசத் தொடங்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

அமெரிக்கர்களும் வசைபாடுவார்கள், ஆனால் அதற்கென்று மேடை கட்டி, நாள் குறித்து, பெயர் வைத்துச் செய்வார்கள். 'ரோஸ்ட்' எனப்படும் அந்நிகழ்ச்சியில், புகழ்பெற்ற ஒருவரை நடுவில் அமர்த்தி நண்பர்கள் கூசாமல் இழிவுபடுத்திவிட்டு, இறுதியில் கட்டித் தழுவிக்கொள்வார்கள். நியூயார்க்கின் ஃபிரையர்ஸ் கிளப் இதற்குப் பெயர்பெற்றது. வேலி கட்டிய மைதானத்துக்குள் எதுவும் பேசலாம். ரிக்கி ஜெர்வைஸ் 2011இல் கோல்டன் குளோப் விருது விழாவைத் தொகுத்து வழங்கியபோது அரங்கம் நெளிந்தது இதனால்தான் என்று கருதுகிறேன். வந்திருந்தவர்கள் எதிர்பார்த்தது விருது விழாவை. அவர் நடத்தியது ரோஸ்ட். ஆனாலும் அடுத்த ஆண்டு அவரையே மீண்டும் அழைத்தார்கள்.

அலுவலகத்தில் இருப்போருக்கு ஒரு சிறு எச்சரிக்கை. உங்கள் அறிக்கை 'குவைட் குட்' என்று ஓர் அமெரிக்கர் சொன்னால் நன்றாகவே இருக்கிறது என்று பொருள். ஆங்கிலேயர் அதையே சொன்னால் பரவாயில்லை என்ற அளவுக்குத்தான் பொருள். சொல்லும் தொனியைப் பொறுத்து, திரும்ப எழுதுங்கள் என்பதாகவும் இருக்கலாம்.

அரசியல் கேலியில் யாருக்குச் சுதந்திரம் அதிகம்?

சட்டத்தில் அமெரிக்கருக்கு, பழக்கத்தில் பிரிட்டிஷாருக்கு. 1988இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மதபோதகர் ஜெரி ஃபால்வெல்லை மிக ஆபாசமாகப் பகடி செய்த ஒரு பத்திரிகைக்கு ஆதரவாக ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பொது வாழ்வில் இருப்போர் மனம் புண்பட்டதற்காக இழப்பீடு கோர முடியாது என்ற நிலையை அது உறுதிப்படுத்தியது. பிரிட்டனில் நாடாளுமன்ற நடவடிக்கைகளின் காணொளியைக் கேலி நிகழ்ச்சிகளில் பயன்படுத்துவதற்கே தடை இருந்து வந்திருக்கிறது. அதனால் 2011இல், மக்களவைக் காட்சிகளை வைத்துக் கேலி செய்த அமெரிக்க 'டெய்லி ஷோ'வின் ஒரு பகுதியை பிரிட்டனில் ஒளிபரப்ப முடியாமல் போனது. நாடாளுமன்ற ஜனநாயகத்தின் தாய்வீட்டில், அதைப் பற்றிய அயல்நாட்டுக் கேலியைப் பார்க்க முடியவில்லை. இதைவிட நல்ல முரண்நகையை யாராலும் எழுத முடியாது.

ஆனால் அரசியல்வாதியின் முகத்துக்கு நேரே மரியாதையின்றி நடந்துகொள்வதில் பிரிட்டனுக்கே முதலிடம். 1984இல் தொடங்கிய 'ஸ்பிட்டிங் இமேஜ்' பிரதமரையும் அரச குடும்பத்தையும் ரப்பர் பொம்மைகளாக்கி வாரந்தோறும் சிதைத்தது. 1993இல் ராய் ஹேட்டர்ஸ்லி என்னும் அரசியல்வாதி ஒரு செய்தி வினாடிவினா நிகழ்ச்சிக்குக் கடைசி நேரத்தில் வராமல்போனபோது, அவருடைய இருக்கையில் ஒரு டப்பா பன்றிக்கொழுப்பை வைத்து நிகழ்ச்சியை நடத்தி முடித்தார்கள்.

பிரிட்டிஷ் நகைச்சுவை என்றாலே நுட்பமானது என்பது சரியா?

இல்லை. கால் தடுக்கி விழுவதும், ஆண்கள் பெண் வேடமிடுவதும், இரட்டை அர்த்தப் பேச்சும் அங்கே மலிவாகக் கிடைக்கும். கிறிஸ்துமஸ் காலப் பான்டோமைம் நாடகங்களும், 1958இல் தொடங்கிய 'கேரி ஆன்' படங்களும், தொலைக்காட்சி நகைச்சுவை நடிகர் பென்னி ஹில்லும் அதற்குச் சாட்சி. நுட்பமானவற்றை ஏற்றுமதி செய்துவிட்டு மற்றவற்றை வீட்டில் வைத்துக்கொண்டார்கள் என்று சொல்லத் தோன்றும். ஆனால் பென்னி ஹில்லும் அமெரிக்காவில் நன்றாக ஓடினார்.

இரு மரபும் ஒன்றோடொன்று கலக்கவே இல்லையா?

பிரித்துப் பார்ப்பதே கடினம் என்னும் அளவுக்குக் கலந்திருக்கின்றன. 1889இல் லண்டனில் பிறந்த சார்லி சாப்ளினும் வட இங்கிலாந்தின் அல்வர்ஸ்டனில் பிறந்த ஸ்டேன் லாரலும் ஃபிரெட் கார்னோவின் நாடகக் குழுவில் சேர்ந்து 1910இல் ஒரே கப்பலில் அமெரிக்கா போனவர்கள். அமெரிக்கப் போர்வீரர்களின் செல்லப்பிள்ளையான பாப் ஹோப் பிறந்தது லண்டனில்தான். எதிர்த்திசையில், 'மான்டி பைத்தான்' என்னும் பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் டெரி கில்லியம் மினசோட்டாக்காரர். பிரிட்டிஷ் தன்மையின் உச்சம் என்று எல்லாரும் கொண்டாடும் 'ஃபால்டி டவர்ஸ்' தொடரை ஜான் கிளீஸுடன் சேர்ந்து எழுதிய கானி பூத் ஓர் அமெரிக்கப் பெண்மணி.

இந்த மரபுகளில் தமிழர்களுக்கு இடம் உண்டா?

இரண்டிலும் உண்டு, அவர்களை ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு 1978இல் இங்கிலாந்தின் கிராலியில் பிறந்த ரொமேஷ் ரங்கநாதன் முன்னாள் கணித ஆசிரியர். எதிலும் மகிழ்ச்சி காணாத, தூங்கி வழியும் கண்களுடன் தம் உடலையும் தந்தைமையையும் குறைத்தே பேசும் அவருடைய பாணி அப்பட்டமான ஆங்கிலப் பாணி. தமிழ்நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோருக்குத் தெற்கு கரோலினாவில் பிறந்த அசீஸ் அன்சாரி மேடையில் துள்ளுகிறார், குரலை உயர்த்துகிறார், வியக்கிறார். தம் தொடரில் சொந்தத் தாய் தந்தையரையே நடிக்க வைத்து, அவர்கள் பட்ட பாட்டை மகன் உணர்ந்துகொள்ளும் பகுதியை எழுதினார். அங்கே பாடம் கற்றலும் உண்டு.

தமிழ்த் தந்தைக்குப் பிறந்த மிண்டி கேலிங், அமெரிக்க 'ஆபீஸ்' தொடரின் எழுத்தாளர் அறையில் தொடக்கத்திலிருந்தே இருந்தவர். அதில் கெல்லி கபூராக நடித்தவரும் அவரே. 'சொக்கலிங்கம்' என்னும் குடும்பப் பெயரே 'கேலிங்' எனச் சுருங்கியது. 2006இல் அவர் எழுதிய தீபாவளிப் பகுதியில் மைக்கேல் வழக்கம்போல எல்லாரையும் சங்கடப்படுத்துகிறார், காதலியும் அவரை மறுத்துவிடுகிறாள். ஆனாலும் பகுதி முடிவதற்குள் அவருக்குச் சற்று ஆறுதல் கிடைத்துவிடுகிறது.

புதிதாகப் பார்க்கத் தொடங்குவோர் எங்கிருந்து தொடங்கலாம்?

இரண்டு 'ஆபீஸ்' தொடர்களின் முதல் பகுதிகளையும் ஒரே மாலையில், பிரிட்டிஷ் வடிவத்தை முதலில் வைத்து, அடுத்தடுத்துப் பாருங்கள். வசனம் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால், மௌனம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, கேமரா யார் முகத்துக்குத் திரும்புகிறது என்பவை மட்டுமே வேறுபட்டுத் தெரியும். பிரிட்டிஷ் பகுதியில் சிரிப்பு வரவில்லை என்றால் கவலை வேண்டாம். மூன்றாம் பகுதிவரை பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தொடரைத் தொடர விரும்பினால் முதல் பருவத்தைக் கடந்து இரண்டாம் பருவத்துக்குப் போய்விடலாம்.